தொலைபேசி தந்த ஆசிரியர் – அலெக்சாண்டர் கிரகாம் பெல்

வீட்டுக் கூடத்தின் ஒரு மூலையில், சிறு மேசையின்மேல் அமர்ந்திருக்கும் தொலைபேசியை நாம் அனைவரும் அறிவோம். கைப்பேசிகள் பெருகிவிட்ட இந்நாளிலும், பல இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் பள்ளி அலுவலகங்களிலும் சுருள் வயருடன் கூடிய அந்தப் பழைய நண்பன் தன் பணியைச் செய்துகொண்டுதான் இருக்கிறான். மணி ஒலித்ததும் அதன் சிறு திரையில் அழைப்பவரின் எண் தோன்றுகிறது. அழைப்பது அத்தையா, அலுவலகமா, அறியாத ஒருவரா என்று பார்த்துவிட்டு நாம் ரிசீவரை எடுக்கிறோம். காதுக்காகப் பிறந்த கருவி இன்று கண்ணுக்கும் செய்தி சொல்கிறது.

இக்கருவியை உலகுக்கு அளித்தவரின் வரலாற்றைப் படிக்கும்போது நமக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அவர் தம்மை முதன்மையாக ஓர் ஆசிரியராகவே எண்ணினார். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக் கொடுப்பதே அவர் தொழில். அவருடைய தாய்க்கும் காது மிக மந்தம். மனைவிக்கோ சிறிதும் கேளாது. அவர் வாழ்வின் பெருமைக்கும், அவர் செய்த ஒரு பெரும் பிழைக்கும், வேர் இங்கேதான் இருக்கிறது. அவ்வாழ்வைச் சிறிது காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் 1847ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் அலெக்சாண்டர் பெல் பிறந்தார். மூன்று ஆண்மக்களில் அவர் நடுப்பிள்ளை. பாட்டனார் பெயரும் அலெக்சாண்டர், தந்தையார் பெயரும் அலெக்சாண்டர். தமக்கென ஒரு பெயர் வேண்டும் என்று சிறுவன் விரும்பியதால், பதினோராவது பிறந்தநாளில் கிரகாம் என்ற பெயரும் சேர்ந்தது.

பாட்டனாரும் தந்தையாரும் பேச்சுக்கலை ஆசிரியர்கள். திக்கிப் பேசுவோரையும் தெளிவின்றிப் பேசுவோரையும் திருத்துவது அவர்கள் தொழில். தந்தையார் மெல்வில் பெல் புதுமையான எழுத்துமுறை ஒன்றை உருவாக்கி, 1867இல் நூலாக வெளியிட்டார். ஓர் ஒலியை எழுப்ப நாக்கு எங்கே நிற்க வேண்டும், உதடு எப்படிக் குவிய வேண்டும், தொண்டை என்ன செய்ய வேண்டும் என்பதை அவ்வெழுத்துகளின் வடிவமே காட்டும். ‘கண்ணுக்குத் தெரியும் பேச்சு’ என்று அதற்குப் பெயர். அவையில் உள்ளோர் எழுப்பும் விந்தையான ஒலிகளைத் தந்தையார் பலகையில் எழுதுவார். வெளியே நிறுத்தப்பட்டிருந்த மகன் உள்ளே வந்து, எழுதியதைப் பார்த்து அதே ஒலியை எழுப்புவார். கூடியிருப்போர் வியந்து கைதட்டுவார்கள்.

தாயார் எலைசா ஓவியம் தீட்டுவதிலும் பியானோ வாசிப்பதிலும் வல்லவர். காது மந்தமானபோதும் மகனுக்கு இசையைக் கற்பித்தவர் அவரே. மற்றவர்கள் குழாய் ஒன்றின் வழியே அவர் காதில் உரக்கக் கத்துவது வழக்கம். இளைய பெல் மட்டும் அவ்வாறு செய்யவில்லை. தாயின் நெற்றிக்கு மிக அருகில் வாயை வைத்து, தாழ்ந்த தெளிவான குரலில் பேசினார். அந்த அதிர்வு தாய்க்கு விளங்கிற்று. வீட்டில் பலர் கூடிப் பேசும்போது தாயின் பக்கத்தில் அமர்ந்து, விரல் எழுத்துகளால் அப்பேச்சை உடனுக்குடன் தெரிவித்தும் வந்தார். ஒலி என்பது அதிர்வே என்ற பாடத்தை, நூலைத் திறக்கும் முன்பே, தாயின் நெற்றியில் அவர் கற்றுக்கொண்டார் என்று நாம் சொல்லலாம்.

பன்னிரண்டு வயதில், நண்பன் வீட்டு மாவு ஆலையில் கோதுமையின் உமியை நீக்கச் சுழலும் தூரிகைகள் கொண்ட கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார். பின்னர் அண்ணனுடன் சேர்ந்து பேசும் பொம்மைத் தலை ஒன்றையும் உருவாக்கினார். ரப்பர் உதடும் நாக்கும் வைத்துக் காற்றை ஊதியதும் அது அம்மா என்று அழைத்ததாம். பிள்ளை அழுகிறதோ என்று அண்டை வீட்டார் வந்து பார்த்தனர் என்பர்.

துயரமும் புதிய நாடும்

அக்குடும்பத்தின் இன்பத்தைக் காசநோய் குலைத்தது. 1867இல் தம்பி எட்வர்டு மறைந்தார். மூன்றே ஆண்டுகளில், 1870இல், அண்ணன் மெல்வில்லும் அதே நோயால் மறைந்தார். எஞ்சியிருந்த ஒரே மகனின் உடலும் மெலிந்து வருவதைக் கண்ட பெற்றோர், அவ்வாண்டே வீட்டையும் தொழிலையும் விட்டுவிட்டுக் கனடாவுக்குக் கப்பலேறினர். ஒன்டாரியோ மாநிலத்துப் பிராண்ட்ஃபோர்டு என்னும் ஊரின் நல்ல காற்றில் மகன் உடல் தேறினார்.

1871இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்த காது கேளாதோர் பள்ளி அவரை அழைத்தது. தந்தையின் எழுத்துமுறையை அங்குள்ள ஆசிரியைகளுக்கு அவர் கற்பித்தார். அடுத்த ஆண்டு தாமே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1873இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அவரிடம் பயின்றவர்களுள் இருவரை நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஒருவன் ஜார்ஜ் சாண்டர்ஸ் என்னும் ஐந்து வயதுச் சிறுவன். பிறவியிலேயே காது கேளாதவன். அவன் பாட்டி வீட்டில் தங்கிக்கொண்டு பெல் அவனுக்குக் கற்பித்தார். மற்றவர் மேபெல் ஹப்பர்டு என்னும் பெண். ஐந்தாவது வயதில் ஸ்கார்லெட் காய்ச்சல் கண்டு செவிப்புலனை முற்றிலும் இழந்தவர். ஆனால் பிறர் உதட்டசைவைக் கண்டே பேச்சைப் புரிந்துகொள்ளும் திறமை பெற்றவர். இவ்விரு பிள்ளைகளின் தந்தையரே பின்னர் பெல்லின் ஆராய்ச்சிக்குப் பணம் தந்து உதவினர்.

கம்பியில் ஒரு குரல்

பகலில் பாடம், இரவில் ஆராய்ச்சி என்று அவருடைய நாட்கள் கழிந்தன. ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் பல தந்திகளை அனுப்ப வேண்டும் என்பதே அவரை ஆதரித்தோரின் விருப்பம். பெல்லின் மனமோ குரலின்மேல் இருந்தது.

1874இல் அவர் செய்த ஒரு சோதனை குறிப்பிடத்தக்கது. தம் மாணவர்கள் தாங்கள் எழுப்பும் ஒலியின் வடிவத்தைக் கண்ணால் கண்டு திருத்திக்கொள்ள வேண்டும் என்று அவர் எண்ணினார். மருத்துவர் ஒருவர் உதவியால் இறந்த ஒருவரின் காதின் உட்பகுதியைப் பெற்று, அதன் எலும்பில் ஒரு வைக்கோல் துரும்பைப் பொருத்தினார். அதனருகே பேசியதும் துரும்பு அசைந்து, புகையடித்த கண்ணாடியில் அலைபோலக் கோடு வரைந்தது. இத்தனை மெல்லிய செவிப்பறை காதினுள் உள்ள எலும்புகளையே அசைக்குமாயின், சற்றுப் பெரிய சவ்வு ஓர் இரும்புத் துண்டை அசைக்காதா? அவ்விரும்பு மின்காந்தத்தின் எதிரே அசைந்தால் கம்பியில் ஓடும் மின்சாரமும் அக்குரலைப் போலவே ஏறி இறங்காதா? காது கேளாத பிள்ளைகளுக்காகச் செய்த சோதனையிலிருந்தே தொலைபேசியின் எண்ணம் பிறந்தது.

தாமஸ் வாட்சன் என்னும் இளந்தொழிலாளி அவருக்குக் கைகொடுத்தார். 1875 ஜூன் 2ஆம் நாள், ஓர் அறையில் வாட்சன் தட்டிய எஃகுப் பட்டையின் ஓசையை மற்றோர் அறையில் கம்பியின் வழியே பெல் கேட்டார். 1876 பிப்ரவரி 14ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பம் சென்றது. எலிஷா கிரே என்ற மற்றோர் ஆராய்ச்சியாளரும் அதே நாளில் தம் எண்ணத்தைப் பதிவு செய்தார். மார்ச் 7ஆம் நாள் காப்புரிமை பெல்லுக்குக் கிடைத்தது. மூன்று நாள் கழித்து, மார்ச் 10ஆம் நாள், பக்கத்து அறையிலிருந்த வாட்சனைத் தம்மைப் பார்க்க வருமாறு கருவியின் வழியே அவர் அழைத்தார். வாட்சன் அச்சொற்களைத் தெளிவாகக் கேட்டு ஓடி வந்தார். மனிதக் குரல் கம்பியில் ஏறிச் சென்று ஒரு செய்தியைச் சொன்ன முதல் நாள் அதுவே.

இக்கண்டுபிடிப்பைப் பற்றிய வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. 1888இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெல்லின் உரிமையை உறுதி செய்தது. இத்தாலியிலிருந்து குடியேறிய ஏழை ஆராய்ச்சியாளர் அந்தோனியோ மெயூச்சி, 1871லேயே இத்தகைய கருவி பற்றி ஒரு முன்குறிப்பைப் பதிவு செய்திருந்தார். அவருடைய உழைப்பைப் பாராட்டி 2002இல் அமெரிக்கக் கீழவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பெரிய கண்டுபிடிப்புகளின் பின்னே பலருடைய வியர்வை இருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

மேபெல் என்னும் துணை

1876இல் பிலடெல்பியா நகரில் பெரும் பொருட்காட்சி நடந்தது. அப்போது பெல்லின் மாணவர்களுக்குத் தேர்வு நேரம். வகுப்பை விட்டுவிட்டு வர அவர் மறுத்தார். மேபெல் அவரை ரயில் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, வண்டியில் ஏற்றியே விட்டார். அவர் மறுத்துப் பேசத் தொடங்கியதும் மேபெல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாராம். உதட்டைப் பார்க்காவிட்டால் மறுப்பும் கேளாதல்லவா!

ஜூன் 25ஆம் நாள் பொருட்காட்சிக்குப் பிரேசில் நாட்டுப் பேரரசர் இரண்டாம் பெத்ரோ வந்திருந்தார். அதற்குச் சில நாள் முன்பு பாஸ்டனில் காது கேளாதோர் பள்ளியைப் பார்வையிட்டபோது ஆசிரியர் பெல்லை அவர் சந்தித்திருந்தார். அந்த முகத்தை அடையாளம் கண்டு அருகே வந்தார். கருவியைக் காதில் வைத்த பேரரசர் திகைத்தார். நடுவர்களும் ஒவ்வொருவராக வந்து கேட்டனர். தொலைபேசியின் புகழ் எங்கும் பரவியது. ஆசிரியப் பணியில் கிடைத்த அறிமுகமே கண்டுபிடிப்புக்கும் வழி திறந்தது.

1877 ஜூலை 9ஆம் நாள் பெல் தொலைபேசிக் கம்பெனி தொடங்கப்பட்டது. ஜூலை 11ஆம் நாள் பெல்லும் மேபெல்லும் மணந்துகொண்டனர். கம்பெனியில் தமக்கிருந்த பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் அவர் மணப்பெண்ணுக்குப் பரிசாக அளித்தார். தொலைபேசியின் பெருஞ்செல்வம், தொலைபேசியில் ஒரு சொல்லும் கேட்க இயலாத ஒரு பெண்ணின் கைக்குச் சென்றது. அச்செல்வத்தை நிர்வகித்து, கணவரின் ஆராய்ச்சிகளைப் பேணி, இரு பெண்மக்களை வளர்த்தவர் மேபெல்லே.

பெண்களின் குரல்

1878 ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. அதில் 21 சந்தாதாரர்களே இருந்தனர். நான்கே ஆண்டுகளில், 1882இல், இந்தியாவில் கொல்கத்தா, மும்பை, சென்னை நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் தோன்றின.

அக்காலத் தொலைபேசியில் எண்களைச் சுழற்றும் வசதி இல்லை. நிலையத்தில் அமர்ந்திருப்பவரிடம் யாருடன் பேச வேண்டும் என்று கூற வேண்டும். அவர் கம்பிகளை இணைத்து விடுவார். முதலில் இவ்வேலைக்குச் சிறுவர்களை வைத்தார்கள். அவர்களோ குறும்பு செய்தும் கடுஞ்சொல் பேசியும் சந்தாதாரர்களை வருத்தினர். 1878 செப்டம்பர் 1ஆம் நாள் பாஸ்டனில் எம்மா நட் என்னும் பெண்மணி இப்பணியில் சேர்ந்தார். உலகின் முதல் பெண் தொலைபேசி இணைப்பாளர் அவரே. அதே நாளில் அவர் தங்கை ஸ்டெல்லாவும் சேர்ந்தார். இனிய குரலும் பொறுமையும் கொண்ட எம்மா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பணியில் இருந்தார். அவரைத் தொடர்ந்து பல நாடுகளில் இலட்சக்கணக்கான பெண்கள் சொந்தக் காலில் நிற்க இத்தொழில் வழி செய்தது.

புகழ் வந்த பின்னும்

முப்பது வயதில் உலகப் புகழ் பெற்ற ஒருவர் ஓய்ந்திருக்கலாம். பெல் ஓயவில்லை. 1880இல் பிரான்சு நாட்டின் வோல்ட்டா பரிசாக 50,000 பிராங்க் கிடைத்தது. அதைக் கொண்டு ஆராய்ச்சிச்சாலை அமைத்தார். அதன் வழி வந்த பணத்தைக் காது கேளாதோர் பற்றிய ஆய்வுக்கே செலவிட்டார். அதே ஆண்டில் ஒளிக்கற்றையில் குரலை அனுப்பும் கருவியையும் செய்தார். தொலைபேசியைவிட அதையே அவர் பெரிதாக மதித்தார். இன்று கண்ணாடி இழையில் ஒளியாக நம் பேச்சு செல்வதைக் காணும்போது, அவர் எவ்வளவு தொலைவு நோக்கினார் என்பது விளங்கும்.

1881இல் அவருக்குப் பிறந்த ஆண்குழந்தை மூச்சுத் திணறிச் சில மணி நேரத்தில் இறந்தது. அத்துயரில் மூழ்கிவிடாமல், மூச்சுவிட இயலாதோரின் மார்பைக் காற்றழுத்தத்தால் விரித்துச் சுருக்கும் கருவி ஒன்றை அவர் வடித்தார். பிற்காலத்துச் செயற்கைச் சுவாசக் கருவிகளுக்கு அது முன்னோடி.

1886இல் கண்ணும் காதும் இழந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் தந்தை வாஷிங்டனில் பெல்லிடம் அழைத்து வந்தார். அவளை மடியில் அமர்த்திப் பரிவு காட்டிய பெல், பாஸ்டனிலிருந்த பெர்கின்ஸ் பள்ளிக்கு எழுதுமாறு வழி கூறினார். அப்பள்ளி அனுப்பிய ஆசிரியையே ஆன் சல்லிவன். அச்சிறுமியே ஹெலன் கெல்லர். ஆன் சல்லிவன் அவ்வீட்டுப் படியேறிய நாள் 1887 மார்ச் 3. அது பெல்லின் நாற்பதாவது பிறந்தநாளாகவும் அமைந்தது. ஹெலன் கெல்லர் 1903இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றைப் பெல்லுக்கே காணிக்கையாக்கினார்.

பெரியோரின் பிழை

பெல்லின் வரலாற்றை எழுதுவோர் பலர் இத்துடன் நிறுத்திக்கொள்வர். நாம் அப்படி நிறுத்துவது நேர்மையாகாது.

காது கேளாதோர் அனைவரும் வாயால் பேசவே கற்க வேண்டும். சைகை மொழி அவர்களை மற்றவரிடமிருந்து பிரித்துவிடும் என்று பெல் உறுதியாக நம்பினார். 1883இல் அறிஞர் அவையில் படித்த கட்டுரையில், காது கேளாதோர் ஒருவரையொருவர் மணப்பது குறைய வேண்டும் என்றும், அதற்காக அவர்கள் கூடி வாழும் விடுதிப் பள்ளிகளையும் சைகை மொழியையும் காது கேளாத ஆசிரியர்களையும் குறைக்க வேண்டும் என்றும் கூறினார். அவர் புகழ் பெரியது. ஆதலால் அவர் சொல்லின் எடையும் பெரிதாயிற்று. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடும் வாய்ப்பேச்சு முறையே சிறந்தது என்று தீர்மானித்திருந்தது. இதன் பின்னர் பல நாடுகளில் பள்ளிகளிலிருந்து சைகை மொழி விலக்கப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தனர். கைகளை அசைத்துப் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். பேச்சும் வாராமல், சைகையும் கற்காமல், எம்மொழியும் முழுமையாகக் கைவராத பிள்ளைகள் எத்தனையோ பேர். 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டின் பிற்காலப் பேரவை, மிலான் தீர்மானங்களைத் தள்ளி, அவற்றால் விளைந்த தீமைக்கு வருத்தம் தெரிவித்தது.

சைகை மொழியும் சொல்லும் இலக்கணமும் நிறைந்த முழுமையான மொழியே என்பதை இன்று மொழி அறிஞர் ஏற்றுக்கொண்டுள்ளனர். தாய்க்காக விரல் எழுத்தைக் கற்ற மகன், பிறருடைய கைமொழியை ஏன் மதிக்கவில்லை? அவரிடம் அன்புக்குக் குறைவில்லை. தாயைப் போலவும் மேபெல்லைப் போலவும் எல்லோரும் பேசிப் பழகிவிடலாம் என்று அவர் எண்ணினார். அவ்விருவரும் பேசக் கற்ற பிறகே செவிப்புலன் குன்றியவர்கள். பிறவியிலேயே காது கேளாதோரின் நிலை வேறு. அவர்களில் பலர் தங்களுக்கு எது வேண்டும் என்று அக்காலத்திலேயே கூறினர். ஒலியைப் பற்றி அனைத்தும் அறிந்த அவர், அக்குரல்களுக்கு மட்டும் செவி சாய்க்கவில்லை.

இறுதி நாட்கள்

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் பாடெக் என்னும் ஊரருகே, ஏரிக்கரைக் குன்றில் பெல் குடும்பம் வீடு கட்டிக்கொண்டது. அங்கே பட்டங்களும் விமானங்களும் படகுகளும் உருவாயின. மேபெல்லின் பணத்தால் 1907இல் அமைந்த விமான ஆராய்ச்சிக் குழுவின் ‘சில்வர் டார்ட்’ 1909இல் பறந்தது. கனடாவில் விசையால் பறந்த முதல் விமானம் அதுவே. 1919இல் நீரைத் தொட்டும் தொடாமலும் பாயும் படகு மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தை எட்டி உலகச் சாதனை படைத்தது. அப்போது பெல்லுக்கு வயது எழுபத்திரண்டு.

1915 ஜனவரி 25ஆம் நாள் நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தொலைபேசி இணைப்பு திறக்கப்பட்டது. நியூயார்க்கிலிருந்த பெல், பழைய நாளைப் போலவே வாட்சனை அழைத்தார். வருவதற்கு இப்போது ஒரு வாரம் ஆகுமே என்று மறுமுனையிலிருந்து வாட்சன் விடை கூறினார்.

தொலைபேசி தந்தவர் தம் வீட்டில் தொலைபேசியே வைக்கவில்லை என்று சிலர் கூறுவதுண்டு. அது சரியன்று. வீட்டில் தொலைபேசி இருந்தது. சிந்தனை கலையக்கூடாது என்பதற்காகப் படிப்பறையில் மட்டும் அவர் அதை வைக்கவில்லை. படிக்கும் நேரத்தில் மணி ஒலிக்கும் கருவியைத் தள்ளி வைக்கும் வழக்கம் நம் மாணவிகளுக்கும் ஏற்றதே.

1922 ஆகஸ்ட் 2ஆம் நாள் பெல் மறைந்தார். அடக்கம் நடந்த நேரத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனம் காத்தன. சில மாதங்களில், 1923 ஜனவரியில், மேபெல்லும் அவரைத் தொடர்ந்தார்.

நம் வீட்டுத் தொலைபேசி

பெல் தந்த கருவி அதன் பின்னர் நெடுந்தூரம் வந்துவிட்டது. ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் 1891இல் காப்புரிமை பெற்ற தானியங்கி இணைப்பு முறை பரவியதும், இணைப்பாளர் இல்லாமலே எண்ணைச் சுழற்றிப் பேச முடிந்தது. ஆனால் யார் அழைக்கிறார் என்று முன்கூட்டிச் சொல்ல ஒருவர் இல்லாமற் போயிற்று. மணி ஒலித்தால் எடுத்துப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். அக்குறையை நீக்க எண் காட்டும் திரை 1980களில் அமெரிக்க இல்லங்களுக்கு வந்தது. நாளடைவில் நம்மிடமும் வந்தது. காலர் ஐ.டி. என்று அதைக் கூறுகிறோம்.

இத்தகைய தொலைபேசியை வீட்டில் அமைப்பது கடினமன்று. சுருள் வயரின் ஒரு முனையை ரிசீவரிலும் மறுமுனையைப் பெட்டியிலும் செருக வேண்டும். நேரான வயரைப் பெட்டியின் பின்புறத்திலிருந்து சுவரிலுள்ள துளைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சிறு கொக்கி சரியாக விழும் ஓசை கேட்கும் வரை அழுத்த வேண்டும். ரிசீவரை எடுத்தால் தொடர்ந்து ஒலிக்கும் ஓசை கேட்க வேண்டும்; கேட்காவிடில் வயர்களைக் கழற்றி மீண்டும் செருகிப் பார்க்கலாம். பேசுவதற்கு வேண்டிய சிறிது மின்சாரம் செம்புக் கம்பியின் வழியே தொலைபேசி நிலையத்திலிருந்தே வருகிறது. ஆதலால் வீட்டில் மின்சாரம் நின்றாலும் பேசலாம். கண்ணாடி இழை இணைப்பு உள்ள வீடுகளில் அப்படியன்று. அங்கே வீட்டிலுள்ள இணைப்புப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். திரைக்காகப் பல கருவிகளில் தனியே பேட்டரி போட வேண்டும். பிறகு தேதியும் நேரமும் சரியாக வைத்தால், நாம் இல்லாதபோது யார், எப்போது அழைத்தார் என்ற பட்டியலும் கிடைக்கும். எண் காட்டும் வசதியைத் தொலைபேசி நிறுவனத்தாரும் தம் பக்கத்தில் திறந்துவிட வேண்டும்.

பல இணைப்புகளில் அழைப்பவரின் எண், முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையே உள்ள சிறு அமைதியில்தான் வந்து சேர்கிறது. முதல் மணியிலேயே பாய்ந்து எடுப்பவருக்கு எண் தெரியாமற் போகலாம். சற்றுப் பொறுத்து எடுப்பதே நலம். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: திரை எண்ணைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. பிறர் எண்ணைப் போலக் காட்டி ஏமாற்றுவோரும் உண்டு. எந்த எண் தோன்றினாலும் வங்கிக் கணக்கின் இரகசிய எண்ணைத் தொலைபேசியில் கூறலாகாது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் உறுதியாகக் கொள்ள வேண்டும்.

அவர்களுக்கும் ஒரு தொலைபேசி

தொலைபேசி பிறந்தது காது கேளாதோரின் ஆசிரியரிடம். ஆயினும் காது கேளாதோர்க்கு அது எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஊமைக் கருவியாகவே இருந்தது. வேலைக்கு விண்ணப்பிக்க, மருத்துவரை அழைக்க, மகளின் நலம் கேட்க அவர்கள் பிறர் உதவியை நாட வேண்டியிருந்தது. 1964இல் அந்நிலை மாறத் தொடங்கிற்று. ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற இயற்பியல் அறிஞர், தட்டச்சுத் தந்திக் கருவியின் எழுத்துகளை ஓசைகளாக்கித் தொலைபேசி வழியே அனுப்பி, மறுமுனையில் மீண்டும் எழுத்தாக்கும் கருவியைச் செய்தார். அவரும் காது கேளாதவர். அதற்குத் துணை நின்ற பல் மருத்துவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் என்பவரும் காது கேளாதவரே. தங்களுக்கு என்ன தேவை என்பதை அவர்களே அறிந்திருந்தனர். இன்று கைப்பேசியில் எழுத்துச் செய்தியாலும், முகம் பார்த்துச் சைகையாலும் அவர்கள் உலகெங்கும் பேசுகின்றனர்.

பெல்லின் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. அன்புடன் ஒருவரைக் கவனித்தால் அரிய அறிவு பிறக்கும். தாயின் நெற்றியருகே தாழ்ந்த குரலில் பேசிய பிள்ளையே உலகைப் பேச வைத்தார். ஆனால் அன்பு மட்டும் போதாது. நாம் யாருக்கு உதவ முற்படுகிறோமோ, அவர் என்ன கேட்கிறார் என்பதை முதலில் கேட்க வேண்டும். நாளை ஆசிரியைகளாகவும் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் தாய்மார்களாகவும் விளங்கப்போகும் நம் மாணவிகள் இதை மறவாதிருப்பார்களாக. வகுப்பில் பேசத் தயங்கும் தோழியும், வீட்டில் காது மந்தமான பாட்டியும் நம்மிடம் ஏதோ சொல்ல விரும்புகிறார்கள். அருகே சென்று, பொறுமையுடன் கேட்போம்.